சுவிட்ச்சில் கியூஓஎஸ் போட்டும் குரல் வெட்டுவது ஏன்? நெரிசல் எந்தப் போர்ட்டில் என்று முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இரண்டு மாடிக் கல்வி நிலையம் ஒன்று. கீழே 24 போர்ட் மனேஜ்ட் சுவிட்ச், மேலே 8 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச். 8 ஐபி போன், 16 கமரா, வைஃபை, ஒரு ஃபைபர் இணைப்பு. கமராக்களைப் பதியும் என்விஆர் பெட்டி மேல்மாடி அலுவலகத்தில் இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் லண்டன், ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு சூமில் வகுப்பு நடக்கிறது. அந்த நேரத்தில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது, போனிலும் அப்படித்தான். சுவிட்ச்சில் கியூஓஎஸ்ஸை (எந்தத் தரவு முதலில் போவது என்று முடிவு செய்யும் வசதி) இயக்கி, போன் இருக்கும் போர்ட்டுகளுக்கு மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. எங்கே பிழை?

பெரும்பாலும், நெரிசலே இல்லாத இடத்தில் முன்னுரிமை கொடுத்திருக்கிறீர்கள். கியூஓஎஸ் வேகத்தைக் கூட்டாது. ஒரு போர்ட்டால் வெளியே அனுப்பக்கூடியதைவிடக் கூடுதலாகப் பக்கற்றுகள் (தரவுத் துண்டுகள்) வந்து சேரும்போது, எதை முதலில் விடுவது, எதைக் காக்கவைப்பது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை. வரிசை உருவாகாத போர்ட்டில் எந்த முன்னுரிமைக்கும் அர்த்தம் இல்லை.

போன் போர்ட்டின் கணக்கைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) 20 மில்லி செக்கனுக்கு ஒரு பக்கற். அதில் குரல் 160 பைட், ஆர்டிபி, யூடிபி, ஐபி தலைப்புகள் 40 பைட், ஈதர்நெட் தலைப்பும் சரிபார்ப்பும் 18 பைட், வீலான் (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) குறி 4 பைட். மொத்தம் 222 பைட். செக்கனுக்கு 50 பக்கற் என்றால் ஒரு திசைக்கு 88.8 கிலோபிட். எட்டுப் போனும் ஒரே நேரத்தில் கதைத்தாலும் 0.71 மெகாபிட்தான். 100 மெகாபிட் போர்ட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நெரிசல் வேறு எங்கோ இருக்கிறது.

அதைத் தேட முதலில் கேட்கவேண்டியது: வெட்டிக் கேட்பது யாருக்கு? ஈதர்நெட் இணைப்பில் போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனி வரிசை. லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் வெட்டி, ஆசிரியருக்குப் பிள்ளையின் குரல் நன்றாகக் கேட்டால் அப்லோட் திசையில் நெரிசல். மேல்மாடிப் போனில் கேட்பவருக்கு மட்டும் வெட்டி, அவர் கதைப்பது கீழே தெளிவாகக் கேட்டால், கீழ் சுவிட்ச்சிலிருந்து மேலே போகும் அப்லிங்க் போர்ட்டில் நெரிசல். இரண்டு பேருக்கும் எந்நேரமும் வெட்டினால் கேபிளில் பிழை இருக்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அமைப்புகளில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது பிங், அதாவது ஒரு பக்கற் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை. வகுப்பு நடக்கும் நேரத்தில் மேல்மாடிக் கணினி ஒன்றில் இரண்டு சாளரம் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டருக்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 க்கும் தொடர்ந்து பிங் ஓட விடுங்கள். ரவுட்டருக்கான நேரம் 1 மில்லி செக்கன் அளவிலேயே நின்று, வெளியே போவது மட்டும் 40 இலிருந்து 300, 400 என்று ஏறினால், உள் சுவிட்ச்சில் குறை இல்லை. இணைய வாசலில்தான் வரிசை நிற்கிறது. ரவுட்டருக்கே 20, 50 என்று ஏறினால் அல்லது இடையிடையே பதிலே வராவிட்டால் கட்டடத்துக்குள்ளே தேடுங்கள். இந்தச் சோதனையை வைஃபையில் செய்ய வேண்டாம். கேபிள் போட்ட கணினியில்தான் செய்ய வேண்டும்.

உங்கள் கட்டடத்தில் சந்தேகப்படத்தக்க இடங்கள் இரண்டு.

முதலாவது, இரண்டு மாடிகளையும் இணைக்கும் கேபிள். கமராக்கள் கீழ் சுவிட்ச்சிலும் என்விஆர் மேலேயும் இருப்பதால் 16 கமராக்களின் படமும் அந்த ஒரு கேபிளால்தான் ஏறுகிறது. கமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் என்றால் 64 மெகாபிட். அந்த இணைப்பு 1 ஜிகாபிட்டில் ஓடினால் கவலை இல்லை. ஆனால் ஜிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். ஒரு சோடி உப்புக்காற்றில் துருப்பிடித்தாலோ எலி கடித்தாலோ கிளிப் சரியாக இறுகாவிட்டாலோ, இணைப்பு அறாமல் 100 க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், எல்லாம் வேலை செய்வதுபோல இருக்கும். சுவிட்ச்சின் போர்ட் நிலைப் பக்கத்தில் வேகம் 1000 என்று இருக்கிறதா, முழு டூப்ளெக்ஸா (இரு திசையும் ஒரே நேரத்தில்), சிஆர்சி பிழை (கெட்டு வந்த பக்கற்) எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் போட்டிருந்தால், அமைப்புகளில் நேரம் செலவழிக்காமல் முழுச் செம்புக் கேபிளாக மாற்றுங்கள்.

64 மெகாபிட்தானே, 100 இல் அடங்குமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கமரா சீராக அனுப்புவதில்லை. ஒன்றிரண்டு செக்கனுக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை ஒரே மூச்சில் தள்ளும். அது 150 கிலோபைட் என்று வையுங்கள். மின்சாரம் வந்தவுடன் எல்லாக் கமராவும் ஒன்றாகத் தொடங்கியதால் 16 உம் ஒரே கணத்தில் தள்ளினால் 2.4 மெகாபைட். அதை 100 மெகாபிட் இணைப்பு வெளியேற்ற 192 மில்லி செக்கன் வேண்டும். சிறிய சுவிட்ச்சுகளின் பஃபர் (பக்கற்றுகள் காத்திருக்கும் நினைவகம்) சில நூறு கிலோபைட்தான், ஆகவே மிச்சம் கைவிடப்படும். அதில் உங்கள் போன் பக்கற்றும் போகும். ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தில் 64 சதவீதம் என்று அமைதியாகத் தெரியும்; கைவிட்ட பக்கற் எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டுமே உண்மை வெளிவரும். கேபிளைத் திருத்தி ஜிகாபிட்டுக்குக் கொண்டுவருவதும், முடிந்தால் என்விஆரைக் கீழ் சுவிட்ச்சுக்கு மாற்றுவதும் எந்தக் கியூஓஎஸ் அமைப்பையும்விட நல்ல தீர்வு. அது சரிவராத இடத்தில்தான் முன்னுரிமை வரிசைகள் கைகொடுக்கும்.

இரண்டாவது இடம் இணையத்தின் அப்லோட். வகுப்பு ஒன்றின் காணொளி, தெளிவைப் பொறுத்து 1 முதல் 4 மெகாபிட் வரை எடுக்கும். அதோடு இங்கே பல இடங்களில் இருக்கும் ஒரு பழக்கம்: வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் கைத்தொலைபேசியில் கமராவைத் திறந்து வைத்திருப்பார். அதுவும் அப்லோட்தான். நான்கு கமராவை முழுத் தெளிவில் பார்த்தால் 16 மெகாபிட். என்விஆரில் தொலைப்பார்வைக்குத் துணை ஸ்ட்ரீமை (தெளிவு குறைந்த படத்தை) மட்டும் அனுமதித்து 512 கிலோபிட் என்று வைத்தால் அது 2 மெகாபிட்டாகக் குறையும். பல இடங்களில் இந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்து பதில் வரச் சற்றுத் தாமதமாவது நெரிசல் அல்ல. கொழும்பிலிருந்து அங்கே நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஃபைபரில் ஒளி மில்லி செக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் போகும். போய்வரவே 140 மில்லி செக்கன், கடலடிக் கேபிள்கள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். இதை எந்தச் சுவிட்ச்சாலும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது தாமதத்தின் ஏற்ற இறக்கமும் பக்கற் இழப்பும்தான். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ ஜி.114 பரிந்துரை. ஏற்ற இறக்கம் 30 மில்லி செக்கனுக்குள்ளும் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் எல்லை.

இனிச் சுவிட்ச் அமைப்புகள். பக்கற்றில் முன்னுரிமை எழுதப்படும் இடங்கள் இரண்டு. 802.1பி என்பது வீலான் குறிக்குள் இருக்கும் 3 பிட், 0 முதல் 7 வரை. டிஎஸ்சிபி என்பது ஐபி தலைப்பில் இருக்கும் 6 பிட், 0 முதல் 63 வரை. வீலான் குறி கழற்றப்படும் போர்ட்டில் 802.1பி மதிப்பும் அதோடு போய்விடும். டிஎஸ்சிபி கட்டடம் முழுக்கக் கூடவே வரும். எனவே இரண்டு சுவிட்ச்சிலும் டிஎஸ்சிபி முறையைத் தெரிவு செய்யுங்கள். இப்போது நீங்கள் வைத்திருக்கும் போர்ட் முறை வேண்டாம். போர்ட் முறையில், போனுக்குப் பின்னால் செருகிய கணினி பெரிய கோப்பு ஏற்றினால் அதுவும் குரலோடு சேர்ந்து முதல் வரிசையில் நிற்கும்.

மதிப்புகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருங்கள். குரலுக்கு 46, அழைப்பை ஏற்படுத்தும் சிப் செய்திகளுக்கு 24, வகுப்புக் காணொளிக்கு 34, மற்ற எல்லாவற்றுக்கும் 0, இரவு பாக்கப் போன்றவற்றுக்கு 8. இந்த ஐந்தும் போதும். கமராவை 0 இலேயே விடுங்கள். பாதுகாப்பு முக்கியம் என்று கமராவைக் குரலுக்கு மேலே தூக்கி வைப்பவர்கள் உண்டு. என்விஆருக்குப் போகும் படம் அரை செக்கன் தாமதித்தாலும் பதிவு கெடாது. குரல் அப்படித் தாங்காது.

போனில் 46 என்று எழுதும்போது அந்தப் பெட்டி எதைக் கேட்கிறது என்று வடிவாகப் பாருங்கள். சில போன்கள் டிஎஸ்சிபியைக் கேட்கும், சில டிஎஸ்சிபியும் அடங்கிய முழு டிஓஎஸ் பைட்டைக் கேட்கும். டிஎஸ்சிபி 46 என்பது டிஓஎஸ் பைட்டாக 184, பதினாறடிமானத்தில் பி8. டிஓஎஸ் பெட்டியில் 46 என்று போட்டால் வெளியே போவது டிஎஸ்சிபி 11. எந்த வரிசையிலும் அதற்குச் சிறப்பு இடம் கிடையாது. எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் போன் மட்டும் சாதாரண வரிசையில் நிற்கும் மர்மத்துக்குப் பல தடவை இதுதான் காரணம். போர்ட் மிரர் (ஒரு போர்ட்டின் பக்கற்றுகளை இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பது) போட்டு வயர்ஷார்க் என்ற மென்பொருளில் ஒரு பக்கற்றை விரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து நம்பிக்கை. வந்த குறியைச் சுவிட்ச் அப்படியே ஏற்பதா, அழித்து 0 ஆக்குவதா என்பதுதான் அது. போன் போர்ட்டுகளில் போனின் குறியை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். குரல் வீலானைத் தனியாக, 20 என்று வைத்து, எல்எல்டிபி-மெட் (சுவிட்ச் தன் அமைப்பைப் போனுக்கு அறிவிக்கும் முறை) மூலம் போனே அதைத் தெரிந்துகொள்ளும்படி விட்டால், பின்னாலுள்ள கணினி தானாகவே வேறு வீலானில் போய்விடும். கணினி, கமரா போர்ட்டுகளில் நம்பிக்கை வேண்டாம். அப்லிங்க்கின் இரண்டு முனையிலும் கட்டாயம் வேண்டும்: கீழே வைத்து மேலே மறந்தால் ஒரு திசையில் மட்டும் வெட்டும்.

பழைய சிஸ்கோ கற்றலிஸ்ட் 2960 வகை வைத்திருப்போருக்கு இரண்டு எச்சரிக்கை. அதில் கியூஓஎஸ்ஸைப் பொதுவாக இயக்கியவுடன் எல்லாப் போர்ட்டும் நம்பாத நிலைக்குப் போய், வரும் டிஎஸ்சிபி எல்லாம் 0 ஆக்கப்படும். நம்பிக்கைக் கட்டளை கொடுக்காமல் விட்டால், இயக்குவதற்கு முன் இருந்ததைவிட நிலைமை மோசமாகும். மற்றது, 802.1பி மதிப்பை டிஎஸ்சிபியாக மாற்றும் அதன் தொடக்க அட்டவணையில் 5 க்கு எதிரே 40 இருக்கும், 46 அல்ல. சுவிட்ச்சுக்குள் இரண்டும் ஒரே வரிசைக்குத்தான் போகும். ஆனால் 46 ஐத் தேடிக்கொண்டிருக்கும் ரவுட்டர் 40 ஐக் கண்டுகொள்ளாது. அந்த அட்டவணையின் ஆறாவது இடத்தை 46 ஆக மாற்றிவிடுங்கள்.

வரிசைகளில், குரலுக்கு மட்டும் கட்டாய முன்னுரிமை கொடுங்கள். அந்த வரிசையில் ஏதாவது இருக்கும் வரை மற்றவை அசையாது. ஆகவே அதற்குள் போகும் அளவு எப்போதும் சிறிதாக இருக்க வேண்டும். இணைப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடுவது ஆபத்து. உங்கள் 0.71 மெகாபிட் எந்தக் கணக்கிலும் அடங்கும். மிகுதி மூன்று வரிசைக்கும் எடை முறை (எடைக்கேற்பப் பங்கு), காணொளி 4, சாதாரணம் 2, பாக்கப் 1 என்று வைத்தால் ஒருவரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். எல்லா வரிசையையும் கட்டாய முன்னுரிமையில் விடுவதுதான் பொதுவாகச் செய்யப்படும் பிழை: காணொளி கூடும் நேரத்தில் அலுவலகக் கணினிகளில் இணையமே நின்றுபோகும்.

கியூஓஎஸ் வேலை செய்யும் போர்ட்டுகளில் ஃபுளோ கொன்ட்ரோலை நிறுத்திவிடுங்கள். மேல் சுவிட்ச்சின் பஃபர் நிரம்பியதும் அது கீழ் சுவிட்ச்சை நிறுத்தச் சொல்லும். அந்தச் செய்தி குரல், கமரா என்று பார்க்காது. மொத்த இணைப்பையும் நிறுத்தும்.

இணைய வாசலில் சுவிட்ச்சால் ஒன்றும் செய்ய முடியாது. சுவிட்ச்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிள் ஜிகாபிட், அங்கே வரிசை நிற்காது. வரிசை நிற்பது ஃபைபர் பெட்டிக்குள். அந்தப் பெட்டியில் 1 மெகாபைட் பஃபர் இருந்து, அப்லோட் 20 மெகாபிட் என்றால், அது நிரம்பும்போது எல்லாப் பக்கற்றும் 400 மில்லி செக்கன் காத்திருக்கும். அந்தப் பெட்டிக்கு உங்கள் டிஎஸ்சிபி தெரியாது. எனவே வரிசையை உங்கள் கைக்குள் இழுக்க வேண்டும். உச்ச நேரத்தில் அப்லோட்டை மூன்று நான்கு தடவை அளந்து, வந்ததில் குறைந்ததை எடுத்து, அதன் 90 சதவீதத்தை உங்கள் ரவுட்டரில் உச்ச எல்லையாகப் போடுங்கள். 20 வந்தால் 18. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். பதிலாக நெரிசல் உங்கள் ரவுட்டருக்குள் வருகிறது, அங்கே யார் முதலில் போவது என்பது உங்கள் முடிவு.

ரவுட்டரில் கேக் அல்லது எஃப்கியூ கோடெல் என்ற வரிசை முறை இருந்தால் அதையே போடுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் மென்பொருளில் எஸ்கியூஎம் பொதியாகவும், மைக்ரோடிக்கில் ரவுட்டர்ஓஎஸ் 7 இலிருந்தும் இவை கிடைக்கும். ஒவ்வொரு உரையாடலையும் தனி வரிசையில் வைத்து மாறி மாறி விடுவதால், குறி எதுவும் இடாமலே குரல் பெரும்பாலும் தப்பிவிடும். மைக்ரோடிக்கில் ஃபாஸ்ட்ராக் (பக்கற்றுகளைக் குறுக்குவழியில் விடும்) விதி இயங்கினால், எல்லை போட்ட சிம்பிள் கியூ தொடப்படாமலே பக்கற்றுகள் கடந்து போகும். அந்த விதியை நிறுத்திய பிறகுதான் எல்லை வேலை செய்யும். சூமுக்குத் தனி முன்னுரிமை வேண்டுமென்றால் யூடிபி 8801 முதல் 8810 வரையான போர்ட் எண்களை (சுவிட்ச்சின் போர்ட் அல்ல) வைத்து ரவுட்டரிலேயே பிரிக்கலாம். ஆசிரியர்களின் கணினி ஒவ்வொன்றிலும் கை வைக்கத் தேவையில்லை. வெளியே போனபின் உங்கள் குறியைப் பொது இணையத்தில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அதிகாரம் அந்த வாசல் வரைதான்.

ஃபைபர் இல்லாமல் 4ஜி ரவுட்டரில் வகுப்பு நடத்துவோருக்கு இது முழுதாகச் சரிவராது. கோபுரத்தின் நெரிசலைப் பொறுத்து வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மாலை நேரத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த அப்லோட்டை எல்லையாக வைப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. காலையில் கொஞ்சம் வேகம் வீணாகும், பரவாயில்லை.

வைஃபையில் டபிள்யூஎம்எம் (வைஃபையின் முன்னுரிமை முறை) இயங்க வேண்டும், அங்கே வரிசைகள் நான்கு. பல அக்சஸ் பொயின்ற்றுகள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் 46 என்பது 5 ஆகி, குரல் வரிசைக்குப் பதிலாகக் காணொளி வரிசைக்குப் போய்விடும். 2018 இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் திருத்தி 6 க்கு அனுப்பச் சொல்கிறது. உங்கள் பெட்டியில் அந்த அட்டவணையைத் திருத்த இடம் இருந்தால் திருத்துங்கள். வகுப்பு எடுக்கும் கணினிக்குக் கேபிள் இழுக்க முடிந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நிரந்தரமாகச் சேமியுங்கள். பல சுவிட்ச்சுகளில் அப்ளை என்பது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை மட்டும் மாற்றும். அடுத்த மின்வெட்டில் எல்லாம் பழையபடி போய், கியூஓஎஸ் சரியில்லை என்ற பெயர்தான் மிஞ்சும். அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றைக் கணினியிலும் வையுங்கள். இரண்டு சுவிட்ச்சையும் ரவுட்டரையும் ஒரு சிறு யூபிஎஸ்ஸில் போடுவதும் நல்லது.

சோதனைக்கு, இரண்டு சுவிட்ச்சிலும் எண்ணிக்கைகளைப் பூச்சியமாக்கி, கீழிருந்து மேலே பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டே மேல்மாடிப் போனுக்கு அழைத்துப் பத்து நிமிடம் கதையுங்கள். பிறகு அப்லிங்க் போர்ட்டின் வரிசைக் கணக்கைப் பாருங்கள். குரல் வரிசையில் செக்கனுக்கு 50 வீதம், பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 பக்கற் போயிருக்க வேண்டும், கைவிட்டது பூச்சியமாக இருக்க வேண்டும். சாதாரண வரிசையில் சில கைவிடப்பட்டிருந்தால் அது குறை அல்ல, முறை வேலை செய்வதன் அடையாளம். குரல் வரிசையில் ஒன்றுமே போகாதிருந்தால் குறியோ நம்பிக்கையோ பிழை. 30,000 க்குப் பதில் இலட்சக்கணக்கில் போயிருந்தால், வேறு ஏதோ ஒன்று 46 என்ற குறியோடு உள்ளே வருகிறது; நம்பிக்கை திறந்து கிடக்கும் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் அகப்படும்.